முருங்கை வேலியில் இருக்கு... ரத்தத்தில் ஏன் இல்லை?

ரத்தசோகையை விரட்ட நம் வீட்டுச் சமையலே போதுமா? எது வரைக்கும் போதும், எங்கே போதாது?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் முருங்கை இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலியோரம் ஒரு மரம், கிணற்றடியில் ஒரு மரம், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு மரம். கேழ்வரகு, கம்பு, எள், கொள்ளு என எல்லாமே இதே மண்ணில்தான் விளைகின்றன. இவை அத்தனையும் இரும்புச்சத்து உள்ள பொருட்கள். ஆனால், இவற்றை விதைத்து, களையெடுத்து, அறுத்து வீடு சேர்க்கும் பெண்களின் ரத்தத்தில்தான் இரும்பு போதவில்லை.

2019-21-ம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல் இதே நிலைதான். ஆண்களில் நான்கில் ஒருவருக்கு இருக்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், முதல் இடத்தில் நிற்பது இரும்புச்சத்துக் குறைவு.

பொருள் வீட்டிலேயே இருந்தும் ஏன் இந்த நிலை? தட்டில் இருக்கும் இரும்பு வேறு, உடம்பில் சேரும் இரும்பு வேறு. வயலுக்கு உரம் போட்டால் மட்டும் போதாது, அதைப் பயிர் எடுத்துக்கொள்ளும் பக்குவத்தில் மண் இருக்க வேண்டும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். களர் நிலத்தில் எவ்வளவு கொட்டினாலும் பயிர் வெளுத்துத்தான் நிற்கும். சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான்.

'சோம்பேறித்தனம்' இல்லை... சோகை!

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஹீமோகுளோபின். நுரையீரலில் இருந்து பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போய் உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் சேர்க்கும் வேலை அதனுடையது. அதைத் தயாரிக்க இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் சுமை தூக்க ஆள் குறைந்த களத்துமேடு மாதிரி, வேலை தேங்கிவிடும்.

ஹீமோகுளோபின் அளவு பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13. இதற்குக் கீழே போனால் ரத்தசோகை.

இது ஒரே நாளில் வருவதில்லை என்பதால், பலருக்கும் வந்ததே தெரிவதில்லை. முன்பு ஒரே மூச்சில் முடித்த களையெடுப்பில் நாலு தடவை நிமிர்ந்து நிற்கத் தோன்றும். தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். எந்நேரமும் அசதி. நாக்கும் கண்ணின் கீழ் இமையின் உட்புறமும் வெளுத்திருக்கும். நகம் வளையும், எளிதில் உடையும். சிலருக்கு மண், சாம்பல், பச்சரிசி, பல்பம் தின்ன ஆசை வரும். இதைக் கெட்ட பழக்கம் என்று அதட்டுவார்கள். ஆனால், இது இரும்புக் குறைவின் அடையாளமாகவும் இருக்கலாம்.

'வயசாகுது', 'வேலை ஜாஸ்தி', 'சோம்பேறித்தனம்' என்று பெயர் வைத்து இதைத் தள்ளிப்போடுவது கிராமத்தில் வாடிக்கை. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது பிரசவ அறையில்தான் தெரியும். பிரசவத்தில் ரத்தம் போவது இயல்பு. நல்ல ரத்தம் உள்ள பெண் தாங்கிக்கொள்ளும் இழப்பை, சோகை உள்ள பெண்ணால் தாங்க முடியாது. அங்கே உயிருக்கே ஆபத்து. பிறக்கும் குழந்தை எடை குறைவாகவும், குறைமாதத்திலும் பிறக்கும் வாய்ப்பு அதிகம்.

எங்கே போகிறது இரும்பு?

வெளியேறும் வழிகளை முதலில் பார்க்கலாம். மாதவிலக்கில் ஒவ்வொரு மாதமும் ரத்தத்தோடு இரும்பும் போகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உதிரப்போக்கு அதிகம் உள்ள பெண்கள் எவ்வளவு சாப்பிட்டாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத கதைதான். அடுத்தடுத்துப் பிரசவம் ஆனாலும் சேமிப்பு காலியாகும்.

இரண்டாவது, கொக்கிப்புழு. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடத்து ஈரமண்ணில் இதன் இளம்புழுக்கள் இருக்கும். வெறுங்காலோடு நடந்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளி அளவுதான் என்றாலும், நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆளையே வெளிற வைத்துவிடும்.

மூன்றாவது வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பல வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுவது பெண்தான். குழம்பின் அடியும், ரசத்தின் மேல்தண்ணீரும்தான் அவர் பங்குக்கு மிஞ்சும். பொரியலும் மீனும் மற்றவர் தட்டில் முடிந்திருக்கும். அதிக இரும்பு தேவைப்படுபவருக்கே குறைவாகக் கிடைக்கிறது.

தானியக் குதிரில் இருக்கும் கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு பெண்ணுக்குச் சாப்பாடு மூலமாக தினமும் 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 19 மில்லிகிராம். இதில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது என்பதையும் கணக்கில் வைத்துத்தான் இந்த அளவைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ம் ஆண்டு உணவுச்சத்து அட்டவணையைப் பார்த்தால், நம்மிடம் என்ன இருக்கிறது என்பது புரியும். சமைக்காத நிலையில் 100 கிராமில் உள்ள இரும்பு, தோராயமாக:

எள் - 13 மி.கி.க்கு மேல்
கொள்ளு - 8 மி.கி.க்கு மேல்
கம்பு - 6 மி.கி.க்கு மேல்
கேழ்வரகு - 4.5 மி.கி.
முருங்கைக்கீரை - 4.5 மி.கி.
தீட்டிய வெள்ளை அரிசி - 1 மி.கி.க்கும் குறைவு

ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசியைச் சோறாக, இட்லியாக, தோசையாகச் சாப்பிட்டாலும் அதில் இருந்து 3 மி.கி. இரும்புகூடக் கிடைக்காது. கம்பும் கேழ்வரகும் தட்டில் இருந்து இறங்கி, அந்த இடத்தில் வெள்ளை அரிசி உட்கார்ந்தபோது, கூடவே இரும்பும் இறங்கிவிட்டது. தானியம் விளையவைக்கும் குடும்பமே அதை மொத்தமாக விற்றுவிட்டு, கடை அரிசி வாங்கிச் சாப்பிடுவதுதான் இதில் வேடிக்கை. விற்பதற்கு முன் ஒரு மூட்டையை வீட்டுக்கென்று எடுத்து வைத்தால், அது மருந்துச் செலவை மிச்சப்படுத்தும் முதலீடு.

இரும்பை உள்ளே விடும் சாவி: புளிப்பு

கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு, குடலில் எளிதாக நுழையாது. அதற்குக் கதவைத் திறந்துவிடுவது வைட்டமின் சி. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி ஆகியவற்றில் இது இருக்கிறது. அதிலும் நெல்லிக்காய்க்கும் கொய்யாவுக்கும் ஈடு கிடையாது. சாப்பாட்டோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால், இரும்பு உள்ளே போகும் அளவு இரண்டு மூன்று மடங்கு வரை கூடலாம்.

இதில் ஒரு பக்குவம் உண்டு. வைட்டமின் சி சூட்டில் அழியும். எனவே, எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது ஊற்றாமல், இறக்கிய பிறகு பிழிய வேண்டும். நெல்லிக்காயை வேகவைக்காமல் பச்சையாகத் துவையல் அரைப்பது நல்லது. கொய்யாவைச் சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிடலாம். இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால், பழத்தின் பலன் கிடைக்கும். ஆனால், இரும்புக்குத் துணை கிடைக்காது.

ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய மூன்றும் அடுத்த சாவிகள். தானியங்களிலும் பயறுகளிலும் ஃபைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தானியத்தை முளைகட்டினாலோ, மாவைப் புளிக்கவைத்தாலோ அந்தப் பிடி தளரும். இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காலையில் காய்ச்சும் கம்பங்கூழ், முளைகட்டிய கேழ்வரகு மாவு, முளைவிட்ட கொள்ளுச் சுண்டல் எல்லாம் இந்த வகையில் கெட்டிக்காரச் சமையல்.

கூழுக்குச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளும் பழக்கமும் அப்படித்தான். தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பு விடுபடுவதை வெங்காயமும் பூண்டும் கூட்டுகின்றன என்று, மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழைய சோற்றில் இரும்பு ஒரே இரவில் இருபது மடங்கு பெருகிவிடும் என்று பேச்சு உலவுகிறது. புளிக்கவைப்பது இல்லாத இரும்பைப் புதிதாக உண்டாக்காது. இருப்பதை விடுவிக்கும், அவ்வளவுதான். பழைய சோறு வயிற்றுக்கு நல்லது. ஆனால், அதில் உள்ளது அரிசியின் இரும்பு மட்டுமே. கீரையும் பயறும் பக்கத்தில் வேண்டும்.

இரும்புச் சட்டி இருந்தால் பரணில் இருந்து இறக்கலாம். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற புளிப்பான சமையலை இரும்புச் சட்டியில் செய்தால், சட்டியில் இருந்தே கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். சமைத்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நிறமும் சுவையும் கெடும்.

கதவைச் சாத்துவது: டீ

காட்டு வேலையில் சாப்பாடும் டீயும் ஜோடியாகத்தான் வரும். காலைச் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் தூக்குவாளியில் டீ வந்துவிடும். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே இழுத்துப் போய்விடும். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால், உடம்பில் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகலாம். காபியும் தடுக்கும்.

இதற்காக டீயை விட வேண்டியதில்லை. இடைவெளி விட்டால் போதும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது சாப்பிட்டு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து டீ குடிக்கலாம். காலை 6 மணிக்கு டீ, 8.30 மணிக்குக் கூழ், 11 மணிக்கு டீ, 1 மணிக்குச் சோறு, 4 மணிக்கு டீ என்று மாற்றினால் செலவு ஒரு பைசாகூடக் கூடாது. வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், டீ கொடுக்கும் நேரத்தை இப்படி மாற்றியமைத்தாலே ஒரு கூட்டத்துக்கே நன்மை.

குழந்தைகளுக்கு டீயில் பிஸ்கட்டைத் தொட்டுக் கொடுக்கும் பழக்கம் மட்டும் அறவே வேண்டாம். குழந்தையின் வயிறு சின்னது. அதில் டீயும் பிஸ்கட்டும் இடம் பிடித்தால் சத்துள்ள சாப்பாட்டுக்கு இடம் இருக்காது.

கறி, மீன் சாப்பிடுபவர்களுக்கு...

இறைச்சி, மீனில் உள்ள இரும்பில் ஒரு பகுதி வேறு வகையானது. அது கீரை இரும்பைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். கூடச் சாப்பிடும் கீரை, பருப்பின் இரும்பையும் சேர்த்து உள்ளே இழுத்துச் செல்லும். அதனால், கொஞ்சம் கருவாடு போட்ட கீரைக்குழம்பு வெறும் கீரையைவிட மேல்.

சோகை பிடித்தவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் ஆட்டுச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. சுவரொட்டி என்பது மண்ணீரல். ஈரலைப் போலவே அதிலும் இரும்பு மிகுதி. இந்த வழக்கத்தில் விஷயம் இருக்கிறது. ஆனால், மேலே மட்டும் கருகி உள்ளே பச்சையாக இருக்கக் கூடாது. நன்றாக வேக வேண்டும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால், கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

ஒரு நாள் சாப்பாடு... ஒரு மாதிரி

காலை: இரவே கரைத்துப் புளித்த கம்பங்கூழ் (கம்பு 75 கிராம்), சின்ன வெங்காயம், பச்சை நெல்லிக்காய்த் துவையல்.

மதியம்: சோறு, பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல் (ஆளுக்கு இரண்டு கை அள்ளிய கீரை, சுமார் 100 கிராம்). இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தது. இருந்தால் மீன் அல்லது கருவாடு.

மாலை: முளைகட்டிய கொள்ளுச் சுண்டல் ஒரு கிண்ணம், கூடவே ஒரு கொய்யா. ஒரு எள்ளுருண்டை.

இரவு: கேழ்வரகு அடை, தக்காளித் தொக்கு.

இப்படிச் சாப்பிட்டால் 20 மி.கி.க்கு மேல் இரும்பு கிடைக்கும். அரிசி மட்டுமே சாப்பிடும் நாளோடு ஒப்பிட்டால் பல மடங்கு. புளிப்பும் முளைகட்டுதலும் சேர்வதால், உடம்பில் தங்குவதும் கூடும். தினமும் இதே பட்டியல் வேண்டியதில்லை. ஒவ்வொரு வேளையும் இரும்பு உள்ள ஒரு பொருள், புளிப்பான ஒரு பொருள், டீ இல்லாத ஒரு மணி நேரம். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் போதும். இன்னொன்று, வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அப்போதுதான் கீரையில் பெண்ணுக்கும் சரிபங்கு வரும்.

சமையலறை எங்கே நிற்க வேண்டும்?

உணவு, ரத்தசோகை வராமல் தடுக்கும். லேசாகத் தொடங்கியதை நிறுத்தும். சரியான பிறகு மறுபடி வராமல் காக்கும். ஆனால், ஏற்கெனவே நன்றாகக் குறைந்துபோன இரும்பை நிரப்ப உணவால் மட்டும் முடியாது. இதை நம்பாமல் கீரையும் பேரீச்சையுமாக மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து.

கணக்கு எளிது. அரசு கொடுக்கும் சிவப்பு நிற மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பு இருக்கிறது. அதே அளவைக் கீரையில் எடுக்க, ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் முருங்கைக்கீரை சாப்பிட வேண்டும். யாராலும் முடியாது. வறண்ட ஏரியை மழைக்காலத்து ஓடை நிரப்பட்டும் என்று விட்டால், பயிர் அதுவரை தாங்காது.

எனவே முதல் வேலை, அளவு பார்ப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை இலவசம். ஒரு துளி ரத்தம் போதும். குறைவு என்றால் மாத்திரை தருவார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் நான்கு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறது என்று பொருள். அளவு சரியான பிறகும், மருத்துவர் சொல்லும் காலம் வரை, பொதுவாக மூன்று மாதமாவது தொடர வேண்டும். அப்போதுதான் உடம்பின் சேமிப்புக் கிடங்கு நிரம்பும்.

கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்தில் இருந்து தினமும் ஒன்று வீதம் 180 நாட்களும், பிரசவத்துக்குப் பிறகு 180 நாட்களும் மாத்திரை உண்டு. வளரிளம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வாரம் ஒரு நீல மாத்திரை உண்டு. குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் மாத்திரையையும் தவறவிடக் கூடாது. வயலுக்குப் போகும்போது செருப்பு, வீட்டில் கழிப்பறை... இரண்டும் ரத்தம் காக்கும் பொருட்கள்தான்.

சிலர் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணியாக இருந்து ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால், மருத்துவமனையில்தான் சிகிச்சை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், முகம், கால் வீங்கினாலும் அன்றே போக வேண்டும். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ அதற்கு முதலில் மருத்துவம் தேவை.

ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கும் ரத்தசோகை வந்தால், உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூலம், குடல்புண், சில நேரம் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். உடம்பு வலிக்கு என்று கடையில் வாங்கி வருடக்கணக்கில் வலி மாத்திரை போடுபவர்களுக்கு வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். கூலி வேலைக்குப் போகும் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. இவர்கள் என்ன கீரை சாப்பிட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றியதாகத்தான் ஆகும்.

பத்தடி இடத்தில் ஒரு 'ரத்தத் தோட்டம்'

ஒரு முருங்கை, ஒரு நெல்லி, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை. வீட்டுக்கு இவை நான்கும் போதும். செடிமுருங்கை வேண்டும் என்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம்.-1 ரகத்தை விதை மூலம் வளர்க்கலாம். கீரைக்காக வளர்ப்பவர்கள் நுனியைக் கிள்ளிக் கிள்ளி இடுப்பளவில் வைத்துக்கொண்டால், கொம்பு இல்லாமல் கையாலேயே பறிக்கலாம். குளிக்கும் தண்ணீர் போகும் வழியில் ஒரு பாத்தி கட்டி அரைக்கீரை விதைத்தால், ஒரு தடவை விதைத்துப் பல தடவை அறுக்கலாம். சிறுகீரையும் முளைக்கீரையும் மூன்று, நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். வாரம் ஒரு பாத்தி என்று முறை வைத்து விதைத்தால் கீரைக்குப் பஞ்சம் வராது. சாப்பிடும் கீரை என்பதால் ரசாயன மருந்து அடிக்க வேண்டாம். முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அடையும்போது, துடைப்பத்தால் சுரண்டிச் சோப்புத் தண்ணீரில் தள்ளி அழித்துவிடலாம்.

வாசகர்கள் அதிகம் கேட்கும் கேள்விகள்

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருக்கின்றனவே... ரத்தம் ஊறாதா?

நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இல்லை. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மி.கி. இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. இரண்டும் நல்ல உணவுதான். ஆனால், கடன் வாங்கி மாதுளை வாங்குவதைவிட, வேலி முருங்கையைப் பறிப்பது மேல்.

வெல்லம், கருப்பட்டியில் இரும்பு இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆனால், ஒரு நாளைக்கு ஒரு சிறு துண்டுதான் சாப்பிட முடியும். அதில் கிடைப்பது சொற்பம். எள்ளுருண்டைக்குச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் சேர்க்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வெல்லத்தை மருந்து என்று நினைத்துச் சாப்பிடக் கூடாது.

முருங்கைக்கீரைப் பொடி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

மரம் இருக்கும் வீட்டுக்குத் தேவையில்லை. கீரையை நிழலில் உலர்த்தி நீங்களே பொடிக்கலாம். ஒரு டீஸ்பூன் பொடியில் இருந்து கிடைப்பது சுமார் 1 மி.கி. இரும்புதான். உலர்த்தும்போது வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும் என்பதால், பொடி சேர்த்த சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்துகொள்ள வேண்டும்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். கறுப்பு நிறம் ஆபத்தில்லை. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்ச இரும்பு வெளியேறுகிறது. குமட்டினால் இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு சாப்பிடலாம். டீ, பால், கால்சியம் மாத்திரையோடு மட்டும் சேர்க்கக் கூடாது. மலச்சிக்கல் இருந்தால் தண்ணீரும் கீரையும் கூட்ட வேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால், கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி வழி கேட்க வேண்டும். மாத்திரை இல்லாமலே மலம் தார் போலக் கறுத்துப் போனால் அது வேறு. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பத்தில் இந்த மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார்களே?

துளியும் உண்மையில்லை. குழந்தையின் நிறம் பெற்றோரிடம் இருந்து வருவது. மாத்திரையைப் பரணில் போட்டு வைத்தால், பாதிப்பு தாய்க்கும் குழந்தைக்கும்தான்.

நாங்கள் சுத்த சைவம். கீரை தினமும் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே?

டீ இடைவெளியும் புளிப்பும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சைவ உணவுக்காரர்களுக்கு வைட்டமின் பி-12 குறைந்தாலும் ரத்தசோகை வரும். அது கீரையில் கிடையாது. பால், தயிர், மோரில் உண்டு. பரிசோதனை செய்து தேவைப்பட்டால் மாத்திரையோ ஊசியோ போட வேண்டும்.

மாத்திரையை வீட்டில் எப்படி வைத்திருப்பது?

குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், மூடி வைக்க வேண்டும். சிவப்பு மாத்திரை மிட்டாய் போலத் தெரியும். சிறு குழந்தை பல மாத்திரைகளை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.